எங்கூடு எந்த வார்டுங்க? கோவை மாநகராட்சி வார்டு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்காநல்லூர் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ் என்று பெயர்தானே தவிர, பாதி நேரம் மனு எழுதிக் கொடுப்பதும் படிவம் நிரப்புவதும்தான் வேலை. வருகிறவர்களில் பத்துப் பேரில் ஏழு பேர் ஒரே சந்தேகத்தைத்தான் கேட்பார்கள். கரன்ட் இல்லாத நேரத்தில் ஒரு நோட்டில் அவற்றைக் கேட்டபடியே எழுதி வைத்தேன். பதில்களோடு இங்கே தருகிறேன். கோயமுத்தூரை வைத்து எழுதியிருந்தாலும் திருப்பூர், ஈரோட்டில் இருப்பவர்களுக்கும் பெரும்பாலானவை பொருந்தும். அங்கே வார்டுகள் அறுபது, இங்கே நூறு என்பது மாதிரியான வித்தியாசம்தான்.

வார்டுன்னா என்னங்க? நாங்க இருக்கற ஏரியாவும் வார்டும் ஒண்ணுதானே?

இல்லைங்க. ஏரியா என்பது நம் வாயில் இருக்கும் பெயர். வார்டு என்பது அரசு வரைபடத்தில் இருக்கும் கோடு. ஒரு ஏரியா இரண்டு மூன்று வார்டாகப் பிரிந்திருக்கும், ஒரே வார்டுக்குள் நாலு ஏரியாவும் வரும். அந்தக் கோடு தெருவின் நடுவே போவதும் உண்டு. அப்போது எதிர் வீட்டுக்காரர் வேறு வார்டுக்காரர் ஆகிவிடுவார்.

கோவை மாநகராட்சியின் பரப்பு சுமார் 257 சதுர கிலோமீட்டர். அதில் 100 வார்டுகள். வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு, மத்தியம் என்று ஐந்து மண்டலங்கள், மண்டலத்துக்கு 20 வார்டுகள். 2011 கணக்கெடுப்பின்படி இந்த எல்லைக்குள் சுமார் 16 லட்சம் பேர். ஆக ஒரு வார்டுக்குச் சராசரியாகப் பதினாறாயிரம் பேர். அது அன்றைய கணக்கு. காளப்பட்டி, சரவணம்பட்டி பக்கம் அதற்குப் பிறகு எழும்பிய அடுக்குமாடிகளைப் பார்த்தவர்களுக்கு இன்றைய நிலை தெரியும்.

எங்கூடு எந்த வார்டுன்னு எப்படிங்க கண்டுபுடிக்கறது?

சொத்து வரி ரசீதை எடுங்கள். அதில் வார்டு எண், வரிவிதிப்பு எண் இரண்டும் இருக்கும். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் ரசீதின் ஒரு நகல் கேளுங்கள். அதுவும் கிடைக்கவில்லை என்றால் காலையில் குப்பை வாங்க வரும் தூய்மைப் பணியாளரைக் கேளுங்கள். எந்தத் தெரு எந்த வார்டு என்பது அவர்களுக்கு மனப்பாடம்.

வாக்காளர் அட்டையைப் பார்த்துச் சொல்லாதீர்கள். அட்டையின் பின்பக்கம் இருப்பது பாகம் எண், அது சட்டமன்றத் தொகுதிக் கணக்கு. அதை வார்டு எண் என்று நினைத்து மனுவில் எழுதி, மனு வேறு மண்டலத்துக்குப் போய்ச் சுற்றி வந்ததை நான் பார்த்திருக்கிறேன். பின்கோடும் அப்படித்தான். அது தபால்காரர் கணக்கு.

பழைய ரசீதுல ஒரு நம்பர் இருக்குது. இப்ப வேற நம்பர் சொல்றாங்க. எதுங்க சரி?

புதியதுதான் சரி. நம்பர் ஏன் மாறியது என்பதற்குக் கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும். கோயமுத்தூர் 1866-ல் நகராட்சி ஆனது. முதல் தலைவர் சர் ராபர்ட் ஸ்டேன்ஸ். 1981-ல் மாநகராட்சி ஆனபோது, அதுவரை தனி நகராட்சியாக இருந்த எங்கள் சிங்காநல்லூரும் சில ஊராட்சிகளும் இதில் சேர்ந்தன. எங்கள் தெருப் பெரியவர்கள் இன்றும் டவுன்ஹால் பக்கம் கிளம்பினால் "கோயமுத்தூர் போயிட்டு வர்றேன்" என்றுதான் சொல்வார்கள். தனி ஊராக இருந்த நினைப்பு அது.

2011 வரை இங்கே 72 வார்டுகள். அந்த வருடம் குறிச்சி, குனியமுத்தூர், கவுண்டம்பாளையம் ஆகிய மூன்று நகராட்சிகளும், வடவள்ளி, வீரகேரளம், துடியலூர், வெள்ளக்கிணறு, சின்னவேடம்பட்டி, சரவணம்பட்டி, காளப்பட்டி ஆகிய பேரூராட்சிகளும், விளாங்குறிச்சி ஊராட்சியும் சேர்ந்து 100 ஆயிற்று. அப்புறம் 2018-ல் வார்டு எல்லைகளைத் திரும்பவும் வரையறுத்தார்கள். அந்தப் பிரிப்பின்படிதான் 2022 தேர்தல் நடந்தது. எனவே அதற்கு முந்தைய ரசீது, பத்திரம், பழைய மனு எதில் வார்டு எண் இருந்தாலும் அப்படியே நம்பிவிடாதீர்கள்.

எங்க எம்எல்ஏ ஒருத்தர், பக்கத்துத் தெருவுக்கு வேறொருத்தர். ஆனா ரெண்டும் ஒரே மாநகராட்சிதானே?

ஆமாம். மாநகராட்சி எல்லையும் தொகுதி எல்லையும் தனித்தனி. கோவை வடக்கு, கோவை தெற்கு, சிங்காநல்லூர் மட்டுமல்ல, கவுண்டம்பாளையம், தொண்டாமுத்தூர், கிணத்துக்கடவு தொகுதிகளுக்குள்ளும் மாநகராட்சி வார்டுகள் வருகின்றன. குறிச்சியில் இருப்பவர் வரி கட்டுவது கோவை மாநகராட்சிக்கு, சட்டமன்றத்துக்கு ஓட்டுப் போடுவது கிணத்துக்கடவு தொகுதியில்.

ஓட்டர் ஐடி பழைய வீட்டு அட்ரஸ்ல இருக்குது. குடி வந்த வார்டுல ஓட்டுப் போட முடியுங்களா?

முடியாது. உள்ளாட்சித் தேர்தலை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம். ஆனால் அவர்கள் எடுத்துக்கொள்வது சட்டமன்றத்துக்கான வாக்காளர் பட்டியலை. அதைத்தான் வார்டு வாரியாகப் பிரிப்பார்கள். அந்தப் பட்டியலில் உங்கள் பெயர் எந்த முகவரியில் இருக்கிறதோ அந்த வார்டில்தான் உங்களுக்கு ஓட்டு.

வீடு மாறியவர்களுக்குப் படிவம் 8, புதிதாகச் சேர்பவர்களுக்குப் படிவம் 6. தேர்தல் அறிவித்த பிறகு ஓடி வருவதில் பயனில்லை. 2022 பிப்ரவரி 19 அன்று காலையில் ஓர் அம்மா பட்டுச்சேலை கட்டிக்கொண்டு என் கடைக்கு வந்தார். ஓட்டுப் போடப் போகிறோம் என்று அவ்வளவு சந்தோஷம். பெயரைத் தேடினால் பீளமேடு பக்கம் பழைய வீட்டு முகவரியில் இருந்தது. "நாலு வருசமா இங்கதான் சாமி இருக்கேன்" என்றார். அன்றைக்கு என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அதனால்தான் இப்போது வாடகை ஒப்பந்தம் ஜெராக்ஸ் எடுக்க வருகிற ஒவ்வொருவரிடமும் நானாகவே கேட்டுவிடுகிறேன்: "ஓட்டு மாத்தியாச்சுங்களா?"

கவுன்சிலருக்குச் சம்பளம் உண்டுங்களா? எத்தனை வருசம் இருப்பாரு?

சம்பளம் என்று இல்லை, மதிப்பூதியம் உண்டு. 2023 ஜூலை முதல் மாநகராட்சிக் கவுன்சிலர்களுக்கு மாதம் 10,000 ரூபாய், துணை மேயருக்கு 15,000, மேயருக்கு 30,000.

பதவிக்காலம் மன்றம் முதல் தடவை கூடிய நாளிலிருந்து ஐந்து வருடம். 2022 தேர்தலில் வென்றவர்கள் மார்ச் 2 அன்று பதவி ஏற்றார்கள். அதற்கு முன்னால் 2016 முதல் 2022 வரை கவுன்சிலரே கிடையாது, அதிகாரிகளின் கையில்தான் மாநகராட்சி இருந்தது. அந்த ஆண்டுகளில் தெருவிளக்குக்கும் மண்டல அலுவலகம்தான் போக வேண்டியிருந்தது. "கவுன்சிலர் இருந்து என்ன பிரயோசனம்" என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது, இல்லாத ஐந்து வருடத்தை நினைத்துப் பாருங்கள்.

மேயருக்கு நாம ஓட்டே போடலையே, அவரு எப்படி வந்தாரு?

2011-ல் நாம் நேரடியாக ஓட்டுப் போட்டோம். 2022-ல் முறை மாறி, 100 கவுன்சிலர்களும் சேர்ந்து தங்களுக்குள் ஒருவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அப்படி வந்த கல்பனா ஆனந்தகுமார்தான் கோவையின் முதல் பெண் மேயர். 2024-ல் அவர் விலகியதும் ரங்கநாயகி தேர்வானார். எனவே வார்டில் நீங்கள் போடும் ஒரு ஓட்டு மேயர் யார் என்பதற்கும் சேர்த்துத்தான்.

எங்க வார்டைப் பொம்பளைங்களுக்குன்னு ஒதுக்கியிருக்காங்க. ஆம்பளைங்க ஓட்டுப் போடலாமுங்களா?

தாராளமாகப் போடலாம். ஒதுக்கீடு போட்டியிடுபவருக்கு மட்டும். ஓட்டு எல்லாருக்கும். தமிழ்நாட்டில் உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்று 2016-ல் சட்டம் திருத்தினார்கள். போட்டியிட வயது 21 ஆகியிருக்க வேண்டும், ஓட்டுப் போட 18.

இதையொட்டி இன்னொன்றும் கேட்பார்கள்: "அம்மா கவுன்சிலர், ஆனா வீட்டுக்காரருதான் எல்லாம் பேசறாரு, மனுவை அவருகிட்டக் கொடுக்கலாமா?" கொடுக்காதீர்கள். மனுவில் கவுன்சிலர் பெயரை எழுதி, அவர் கையிலேயே கொடுங்கள். மன்றத்தில் எழுந்து பேசும் உரிமை அவருக்கு மட்டும்தான் இருக்கிறது. நாம் வீட்டுக்காரரையே தேடிப் போனால், அந்தப் பெண் பேசிப் பழகும் வாய்ப்பை நாமே கெடுக்கிறோம். எங்கள் பக்கத்தில் முதல் ஆறு மாதம் வாயே திறக்காமல் இருந்த ஒரு பெண் கவுன்சிலர், இன்று எந்தத் தெருவில் எத்தனை அடிக் குழாய் போட்டிருக்கிறது என்று பார்க்காமலே சொல்கிறார்.

தண்ணி வரலைங்க. யாருகிட்டச் சொல்றது?

முதலில் எந்தத் தண்ணீர் என்று சொல்லுங்கள். நல்ல தண்ணியா, உப்புத் தண்ணியா? ஆற்றுத் தண்ணீர் வரும் குழாய் வேறு, போர்த் தண்ணீர்க் குழாய் வேறு. நல்ல தண்ணீரும் எல்லாருக்கும் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. சிறுவாணி அணை கேரள எல்லைக்குள் இருக்கிறது. அந்தத் தண்ணீர் நகரத்தின் ஒரு பகுதிக்குத்தான் வருகிறது. மற்ற பகுதிகளுக்குப் பவானி ஆற்றிலிருந்து பில்லூர் திட்டத் தண்ணீர், தெற்கே ஒரு பகுதிக்கு ஆழியாறு. அதனால் "டிவியில சிறுவாணி நிரம்பிருச்சுன்னு சொன்னாங்களே" என்று கேட்டு வருபவர்களிடம் "உங்களுக்கு வருவது பில்லூருங்க" என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

அடுத்து, உங்கள் வீட்டுக்கு மட்டும் வரவில்லையா, தெருவுக்கே வரவில்லையா என்று பாருங்கள். வீட்டுக்கு மட்டும் என்றால் இணைப்பில் அடைப்பாக இருக்கும். தெருவுக்கே என்றால் தண்ணி திறந்து விடுகிறவரிடம் பேசுங்கள். எந்த நாள், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் என்பதை அவர்தான் அறிவார். அவர் "மேல இருந்தே வரலை" என்று சொன்னால் வார்டு உதவிப் பொறியாளருக்கு மனு. அதில் "ரொம்ப நாளாத் தண்ணி வரலை" என்று எழுதாதீர்கள். கடைசியாக வந்த தேதி, அதற்கு முன் எத்தனை நாளுக்கு ஒருமுறை வந்தது, எத்தனை குடம் கிடைத்தது என்று எழுதுங்கள். காலண்டரில் தண்ணி வந்த நாளை வட்டம் போட்டு வைக்கும் பழக்கம் நம் வீடுகளில் இருக்கிறதே, அந்தக் காலண்டர் தாளை ஜெராக்ஸ் எடுத்து இணையுங்கள். மூன்று மாதத் தாள் இணைத்துப் போன ஒரு தெருவுக்கு ஒரே வாரத்தில் ஆள் வந்து வால்வைப் பார்த்தார்கள்.

ரோட்டுல குழியா இருக்குதுங்க, கவுன்சிலர் எங்க ரோடு இல்லைன்னு சொல்றாரு. தட்டிக் கழிக்கறாருங்களா?

இல்லாமலும் இருக்கலாம். அவிநாசி ரோடு, திருச்சி ரோடு போன்ற பெரிய ரோடுகள் நெடுஞ்சாலைத் துறையைச் சேர்ந்தவை. மாநகராட்சி அங்கே தார் ஊற்றாது. உள்தெருக்கள் மாநகராட்சியைச் சேர்ந்தவை. மனு எழுதுமுன் இதைத் தெரிந்துகொண்டால் பாதி அலைச்சல் குறையும்.

சைட் வாங்கிப் பத்து வருசம் ஆச்சு. வரி வாங்கறாங்க, ரோடு மட்டும் போட மாட்டேங்கறாங்க. ஏனுங்க?

மனைப்பிரிவு போட்டவர் அந்த ரோட்டைத் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்காமலே போயிருந்தால் காகிதத்தில் அது இன்னும் தனியார் நிலம். தனியார் நிலத்தில் பொதுப் பணத்தைப் போட முடியாது. ஊராட்சியாக இருந்து பின்னால் மாநகராட்சிக்குள் வந்த பகுதிகளில் இந்தச் சிக்கலை அதிகம் பார்க்கிறேன். தெருவில் உள்ள எல்லாரும் சேர்ந்து, மனைப்பிரிவு வரைபட நகலோடு மண்டல அலுவலகத்தில் கேளுங்கள். ஒப்படைப்பு ஆகியிருக்கிறதா இல்லையா என்பதுதான் முதல் கேள்வி, ரோடு அடுத்தது.

அதே வரைபடத்தில் பூங்காவுக்கு என்று விட்ட ரிசர்வ் சைட் எங்கே இருக்கிறது என்பதையும் பாருங்கள். ஓர் அட்டைப் பலகை, ஒரு கம்பி வேலி, அப்புறம் ஒரு தகரக் கொட்டகை என்று ரிசர்வ் சைட் கைமாறுவது நம் கண் முன்னாலேயே நடக்கும். வேலி போடும் நாளில் மனு கொடுத்தால் ஒரு நாள் வேலை. கட்டடம் எழும்பிய பிறகு என்றால் கோர்ட்டுக்குப் போய் வருடக்கணக்கில் இழுக்கும்.

பள்ளத்துல வீட்டுக் கழிவைக் கொட்டறாங்க. பள்ளம் யாருது?

வெளியூர் வாசகர்களுக்கு: எங்கள் பக்கம் பள்ளம் என்றால் குழி அல்ல, ஓடை. சங்கனூர்ப் பள்ளம் என்று சொல்வது அதனால்தான். மழைக்காலத்தில் வடக்கேயிருந்து வரும் வெள்ளத்தை நகரத்துக்குள் வாங்கிக் கொண்டுவரும் பாதை அது. குப்பையும் கட்டட இடிபாடும் கொட்டுவதைப் பார்த்தால் வார்டு சுகாதார ஆய்வாளருக்குப் படம் எடுத்து அனுப்புங்கள், வண்டி நம்பர் தெரிய எடுத்தால் நல்லது.

எங்கள் சிங்காநல்லூர்க் குளத்தை 2017-ல் மாநகராட்சி நகர்ப்புறப் பல்லுயிர்ப் பாதுகாப்பு மண்டலமாக அறிவித்தது. விடிகாலையில் கரையில் நின்றால் நாமக்கோழியும் நீர்க்காகமும் மேய்வதைப் பார்க்கலாம். அந்தத் தண்ணீருக்குள் எந்த வார்டுச் சாக்கடை வருகிறது என்று பார்க்க எனக்கு மனம் வலிக்கிறது. குளம் ஒரு வார்டுக்குள் இருந்தாலும் அதற்குள் வரும் தண்ணீர் பல வார்டுகளைத் தாண்டி வருகிறது. ஆகவே, இது எங்கள் வார்டு விஷயமில்லை என்று மேற்கே இருப்பவர்கள் சொல்ல முடியாது.

சொத்து வரி ரசீது என் பேருல இருக்குது. வீடு என்னுதுதானே?

வரி ரசீது உரிமைப் பத்திரம் ஆகாது. பத்திரம் பதிவுத் துறை, பட்டா தாலுகா அலுவலகம், வரி மாநகராட்சி. மூன்றும் மூன்று இடம். கிரயம் முடித்ததும் ஒன்றில் பெயர் மாறினால் மற்றதிலும் தானாக மாறிவிட்டது என்று இருந்துவிடாதீர்கள், மூன்றையும் போய்ப் பார்த்து உறுதி செய்யுங்கள். வரி அரையாண்டுக்கு ஒருமுறை. ஏப்ரல் 30-க்குள்ளும் அக்டோபர் 31-க்குள்ளும் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை, அதிகபட்சம் 5,000 ரூபாய்.

குழந்தை ஆஸ்பத்திரியில பொறந்துச்சு. பிறப்புச் சான்று எங்க வார்டுலதான வாங்கோணும்?

பிறந்த இடத்தில்தான் பதிவாகும், குடியிருக்கும் இடத்தில் அல்ல. ஆஸ்பத்திரி எந்த எல்லைக்குள் இருக்கிறதோ அங்கே. 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை.

வார்டு கமிட்டி, ஏரியா சபான்னு சொல்றாங்களே, அங்க நாம போலாமுங்களா?

போகலாம், போக வேண்டும். 1992-ல் வந்த 74-வது அரசியல் சட்டத் திருத்தத்திலேயே வார்டு குழு பற்றிப் பேசியாயிற்று. தமிழ்நாட்டில் அதற்கான விதிகள் 2022-ல்தான் வந்தன. ஒரு வார்டைச் சில பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பகுதி சபா. அந்தப் பகுதியின் வாக்காளர் எல்லாரும் அதில் உண்டு. கவுன்சிலர் தலைமையில் வார்டு குழு. நவம்பர் 1 உள்ளாட்சி தினம், அன்றைக்குச் சபா கூட்டுவார்கள்.

கிராமசபைக்குப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல. டவுன்காரர்கள்தான் இன்னும் பழகவில்லை. நான் போன கூட்டத்தில் முப்பது பேர் இருந்திருப்போம். முதலில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அப்புறம் தையல் வேலை பார்க்கும் ஒரு பெண் எழுந்து, தான் வேலை முடிந்து பொழுதோட, அதாவது சாயங்காலம், நடந்து வரும் சந்தில் மூன்று விளக்குக் கம்பங்கள் எரியவில்லை என்று கம்ப எண்ணோடு சொன்னார். பதிவேட்டில் அன்றைக்கு முழு விவரத்தோடு ஏறிய ஒரே புகார் அதுதான். பத்தே நாளில் மூன்றும் எரிந்தன. சொன்னதைத் தீர்மானமாக எழுதினார்களா என்று பார்த்துவிட்டே கையெழுத்துப் போடுங்கள்.

மனு கொடுத்துக் கொடுத்துச் சலிச்சுப் போச்சுங்க. ஒண்ணும் நடக்கலையே?

ஒப்புகைச் சீட்டு வாங்கினீர்களா என்றுதான் முதலில் கேட்பேன். பலரிடம் இருக்காது. அலுவலகத்தில் ஒருவர் மேசையில் வைத்துவிட்டு வருவது மனு கொடுத்தது ஆகாது. இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். போன வருடம் என் சொந்த மனுவையே ஓர் அலுவலகத்தில் காணோம் என்றார்கள். முத்திரை போட்ட பிரதி என்னிடம் இருந்ததால் பேச்சு அத்தோடு நின்றது.

முதலில் வார்டு அளவில் கொடுங்கள். நடக்காவிட்டால் மண்டல அலுவலகம். அதுவும் ஆகாவிட்டால் செவ்வாய்க்கிழமை மாநகராட்சிப் பிரதான அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க் கூட்டம். திங்கள்கிழமைக் கூட்டம் கலெக்டர் அலுவலகத்தில், அது வேறு. அங்கே மாநகராட்சி விஷயத்தைக் கொடுத்தால் இங்கேதான் திருப்பி அனுப்புவார்கள். எதற்கும் பதில் இல்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு, "இந்தத் தேதியில் கொடுத்த என் மனுவின் மீது எடுத்த நடவடிக்கை என்ன?" என்று கேளுங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். கோபத்தை அதில் எழுதாதீர்கள், தேதியை எழுதுங்கள்.

எங்க தெருல பாதி ஒரு வார்டு, பாதி இன்னொரு வார்டு. சாக்கடை நடுவுல அடைச்சிருக்குது. ரெண்டு பக்கமும் கை காட்டறாங்க. என்னங்க பண்றது?

முதல் கேள்வியில் சொன்ன நடுத்தெருக் கோடுதான் இது. இரண்டு வார்டுக்கும் தனித்தனி மனு போடாதீர்கள். ஒரே மனுவில் இரண்டு வார்டு எண்ணையும் எழுதி, மண்டல உதவி ஆணையருக்குக் கொடுங்கள். இரண்டு வார்டும் ஒரே மண்டலம் என்றால் அவரே இரண்டு பொறியாளரையும் ஒன்றாக வரச் சொல்லலாம். வேறு வேறு மண்டலம் என்றால் மேலே சொன்ன செவ்வாய்க்கிழமைக் கூட்டத்துக்கு நேராகப் போய்விடுங்கள். இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்களும் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும்.

நான் வாடகைக்கு இருக்கேனுங்க, ஊரு தேனி. எனக்கு மனுக் கொடுக்க உரிமை உண்டுங்களா?

உண்டு. இந்தக் கேள்வியை மெதுவாக, கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்துத்தான் கேட்பார்கள். மில்லுக்கும் பவுண்டரிக்கும் பனியன் கம்பெனிக்கும் வந்தவர்களால்தான் கொங்கு நாட்டு ஊர்கள் வளர்ந்தன. குழாயும் விளக்கும் தெருவும் வாடகைக்கு இருப்பவருக்கும் சேர்த்துத்தான். வரி ரசீது உங்கள் பெயரில் இல்லாவிட்டாலும், அந்த வரி நீங்கள் கொடுக்கும் வாடகைக்குள் இருக்கிறது. பகுதி சபாவில் வாக்காளராக உட்கார மட்டும் பட்டியலில் பெயர் வேண்டும், அதற்குப் படிவம் 8 பற்றி மேலே சொல்லியிருக்கிறேன்.

அந்த மூன்று விளக்குக் கம்பத்தின் எண்ணைச் சொன்ன தையல்காரப் பெண்ணுக்கும் ஊர் இது அல்ல, தேனி மாவட்டத்துக் கம்பம் பக்கம். ஓட்டை இங்கே மாற்றி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது.